ஊட்டியில் 137, சென்னையில் 180: இன்ஜினைத் திறக்கும் முன்

கேள்வி: அண்ணா, நான் ஊட்டி பக்கம் லவ்டேலில் இருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் கோவையில் ஒரு 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர் மேனுவல், 78,000 கி.மீ. ஓடியது. வாங்கியதும் பவர் கூடுவதற்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி ரீமேப் செய்தேன். போன மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, பர்லியார் தாண்டி, நாலாவது கியரில் நன்றாக மிதித்தேன். சுத்தியலால் அடித்ததுபோல 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் இன்ஜின் உதறியது, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஸ்கேனரில் பி0303 வந்தது, மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தமாம். அதற்குப் பிறகும் 400 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஒரு லிட்டர் ஆயில் குறைந்திருக்கிறது, காலையில் நீலப் புகை தள்ளுகிறது. ஊட்டியில் ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று) பார்த்து, நாலு சிலிண்டருக்கும் வரிசையாக 138, 136, 85, 137 பி.எஸ்.ஐ. என்று எழுதிக் கொடுத்து, "நாலுமே வீக், பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம், நாலே முக்கால் லட்சம் ஆகும்" என்றார்கள். இன்னொருவர் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல ஒட்டியிருப்பதைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு) போய்விட்டது என்றார். யாரை நம்புவது? திறப்பதாக இருந்தால் அடித்து உருவாக்கிய, பலமான ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் காரை ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போவதற்குக்கூட எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ரிங் லேண்ட் உடைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய அலுமினிய வரப்பைத்தான் ரிங் லேண்ட் என்கிறோம். அதிலிருந்து உடைந்த துண்டு பிஸ்டனோடு சேர்ந்து மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், போர் சுவரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, கீறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு நிறுத்தினால் பிஸ்டன் வேலையோடு போகலாம். இன்னும் நாலு தடவை குன்னூர் போய் வந்தால் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கையே சரிசெய்யும் வேலையாகிவிடும். விளக்கு விட்டு விட்டு எரிந்ததே, அதுவும் ஓர் எச்சரிக்கை. மூன்றாவது சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. அது உருகினால் தனிச் செலவு.

இனி அந்த எண்களுக்கு வருவோம். 138, 136, 137. மூன்றும் 2 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. அளந்தவர் ஒழுங்காக அளந்திருக்கிறார், அந்த எண்களை மலைக்குத் தகுந்தபடி படிக்கத்தான் தவறிவிட்டார். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம், கிட்டத்தட்ட 76 சதவீதம். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்னும்போது கேஜ் காட்டுகிற எண்ணும் அதே அளவுக்குக் குறையும். சென்னையில் 180 காட்டுகிற ஆரோக்கியமான இன்ஜின் கோவையில் 170ஐ ஒட்டிக் காட்டும், ஊட்டியில் 137 காட்டும். உங்கள் மூன்று சிலிண்டர்களும் நன்றாக இருக்கின்றன. கெட்டது ஒன்றுதான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குன்னூரில் பட்டறை போட்ட இரண்டாவது வருடம், ஊட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் நின்றிருந்த பெட்ரோல் ஜீப்பை அங்கேயே வைத்து கம்ப்ரஷன் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டியது. "ரிங் வேலை" என்று சொல்லி இன்ஜினை இறக்கிவிட்டேன். திறந்தால் போர் சுவரில் ஹோனிங் கோடுகள் (ஆயில் பிடிப்பதற்காகப் போடுகிற நுண்கோடுகள்) அப்படியே குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன, எந்தத் தேய்மானமும் இல்லை. கடைசியில் கோளாறு கார்புரேட்டர் ஜெட்டில் இருந்தது. பிளாக்கை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனபோது லேத்தில் இருந்த பெரியவர் அளந்து பார்த்துவிட்டு, "எந்த ஊரில் வைத்துப் பார்த்தீர்கள்?" என்று மட்டும்தான் கேட்டார். அந்த எஸ்டேட்காரர் எனக்குக் கொடுத்த கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கேஜ் பெட்டிக்குள் ஊட்டி, கோத்தகிரி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று ஊர்வாரியாக எழுதிய ஓர் அட்டை இருக்கிறது.

வெண்ணெய் விஷயமும் அப்படித்தான். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்தத் தண்ணீர் ரேடியேட்டரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. லவ்டேல் குளிரில் காலையில் எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மூன்று கி.மீ.யில் திரும்பி வந்து நிறுத்துகிற காரில் ஆயில் ஒருநாளும் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே படிகிற ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இந்தப் பக்கத்துக் கார்களில் பாதியில் இதைப் பார்க்கிறேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் ஆயில் ஆயிலாகவே இருந்தால் பயம் வேண்டாம். ஆயிலே பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலண்ட் தொட்டியில் குமிழி வருகிறது என்று யாராவது சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். மூடியின் அழுத்தம்தான் அதைக் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் நல்ல இன்ஜினிலும் பொங்கும், கையும் வெந்துபோகும். கேஸ்கெட் சந்தேகத்துக்கு ஒரு நீல நிற டெஸ்ட் திரவம் இருக்கிறது. கூலண்ட் தொட்டியின் ஆவியை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது மஞ்சளாக மாறும். ஆனால் அதற்கு இன்ஜின் ஓட வேண்டும், உங்கள் வண்டியில் ஓடக் கூடாது. அடுத்துச் சொல்கிற லீக் டவுன் சோதனையே அதையும் காட்டிவிடும்.

லீக் டவுன் செய்ய இன்ஜின் ஓட வேண்டாம். மூன்றாவது பிஸ்டனை கம்ப்ரஷன் முடிகிற உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்றை விட்டு, எவ்வளவு கசிகிறது என்று இரண்டாவது கேஜில் பார்ப்பார்கள். பத்து சதவீதத்துக்குள் என்றால் நல்ல இன்ஜின், இருபது வரை ஓடும், முப்பதைத் தாண்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது. இது சதவீதக் கணக்கு என்பதால் மலையானாலும் சமவெளியானாலும் ஒரே பேச்சுதான். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே சீறுகிறது என்பது. காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடி அல்லது டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சீறினால் ரிங், பிஸ்டன், போர் மூன்றில் ஒன்று. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வைக் கழுவுவதே இல்லை என்பதால் அங்கே கரி கட்டி, வால்வு சரியாக உட்காராமல் போவதும் உண்டு. கூலண்ட் தொட்டியில் குமிழி கிளம்பினால் கேஸ்கெட்டோ ஹெட் விரிசலோ. ஒரு எச்சரிக்கை: காற்றை விடுவதற்கு முன், பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க்கின் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிஸ்டன் உச்சியில் இல்லாவிட்டால் கிராங்க் சட்டென்று சுற்றி, ஸ்பேனர் கையை உடைக்கும்.

அதே பிளக் துளையில் சின்னக் கேமராவை இறக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ரிங் லேண்ட் உடைந்தால் பிஸ்டனின் மேல் முகத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், உடைப்பு பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தி, சுவரில் செங்குத்தாகக் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது பிளக்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் தூவியதுபோலப் பொட்டுகளோ, வெள்ளியாக மினுங்கும் துகளோ இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

ஆயிலை வடிக்கும்போது ஃபில்டரைத் தூக்கிப் போட விடாதீர்கள். ஹேக்ஸா பிளேடால் அறுக்கவும் விடாதீர்கள், அறுக்கிற தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரால் வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பிஸ்டன் அலுமினியமோ பேரிங் பூச்சோ. செம்பு நிறத்தில் செதில் இருந்தால் பேரிங்கின் அடிப்பகுதிவரை தேய்ந்துவிட்டது, அப்போது கிராங்கையும் வெளியே எடுத்தாக வேண்டும். கீழே ஆழமாக 'டொக் டொக்' என்று அடிக்கும் சத்தம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது ஆறுதல்.

சரி, இது ஏன் உடைந்தது? பழுதைவிட எனக்கு இதுதான் முக்கியம். நீங்கள் விவரித்த அந்த ஒற்றை 'டங்' சத்தத்தில் பதில் இருக்கிறது. சின்ன டர்போ இன்ஜின்களில் ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது பாரம் முழுதாக ஏறினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். மேல் ரிங்குக்கு மேலே இருக்கிற சந்தில் தேங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த சொட்டு தெறித்து, அதுவே தீப்பொறியாகிவிடுகிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு கீழ்நோக்கி அடிக்கிறது. சாதாரண நாக்கிங் (ஸ்பார்க்குக்குப் பிறகு மிச்சக் கலவை தானாக வெடிப்பது) என்றால் சென்சார் கேட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றும். இங்கே பற்றிக்கொள்வது ஸ்பார்க்குக்கு முன்பே என்பதால், ஸ்பார்க்கைத் தள்ளி ஒரு பயனும் இல்லை. ஒரே அடியில் ரிங் லேண்ட் போகும்.

பர்லியார் ஏற்றம், காரில் குடும்பம், நாலாவது கியர், அதிலும் ரீமேப் கொடுத்த கூடுதல் டார்க் (இழுவை). அப்போது ஆர்.பி.எம். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 1,500 போல இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரீமேப் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கீழ் ஆர்.பி.எம்.மில்தான் டார்க்கை ஏற்றுகிறார்கள், ஏனென்றால் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அதுதான் உடனே தெரியும். 'மலையில் காற்று குறைவு, நாக்கிங் வராது' என்பது டர்போ இல்லாத பழைய இன்ஜின்களுக்குப் பொருந்திய பேச்சு. குறைந்த காற்றை டர்போ ஈடுகட்டிவிடுகிறது. அதற்காக அது சமவெளியில் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. கோவையில் ஓட்டிப் பார்த்து எழுதிய மேப், ஊட்டியில் டர்போவை எந்த வேகத்துக்குத் துரத்துகிறது என்று யாராவது பார்த்தார்களா? திறக்கும்போது டர்போ ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கிப் போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையிலிருந்து வந்தாலும் வேறு எங்கிருந்து வந்தாலும், அது எப்படி ஓடியது என்று சொல்ல யாரும் கூட வரமாட்டார்கள். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற வேண்டும். எல்லாம் முடிந்து அதே மேப்போடு, அதே நாலாவது கியரில் பர்லியார் ஏறினால் அதுவும் உடையும்.

வண்டியை ஃபிளாட்பெட்டில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 'இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் விட்டு இறங்கிவிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் உயிரோடு விளையாடுகிற வேலை அது. என் பட்டறைக்கு வாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன், போர் வேலைகளை நானும் கோவைக்குத்தான் அனுப்புகிறேன். செட்டிபாளையத்தில் 2003ல் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் வருவதற்கு வெகு முன்பே கரிவரதன் பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் அது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து பேசுகிற லேத்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

திறந்ததும் அவசரப்பட்டு பாகம் வாங்க வேண்டாம், முதலில் அளக்க வேண்டும். போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசையில் எடுக்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டருக்கு 24 எண்கள். அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றாவது போரில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தும் நகம் தட்டாமல் போனால் லேசான ஹோனிங்கில் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நகம் மாட்டினால் துளையைப் பெரிதாக்கும் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், அல்லது அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் புதுக் குழாய்). முதலில் உங்கள் இன்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் போரிங் போடுங்கள். போர் போட்டு முடித்துவிட்டு பிஸ்டன் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெட்டின் தட்டையையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் உள்ளே நுழைந்தால் ஃபேஸிங் (தேய்த்துத் தட்டையாக்குவது) பற்றிப் பேச வேண்டும்.

பிஸ்டன் நாலையும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே அடியை வாங்கியவைதான், முடிக்கோடு போன்ற விரிசல் வெளியே தெரியாது. ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) போல்ட், ஹெட் போல்ட் எல்லாம் புதிது. இவை டைட் செய்யும்போதே இழுபட்டு நீள்கிறவை, இரண்டாவது தடவைக்கு ஆகாது. மூன்றாவது ராடு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் விஷயத்தில் ஒன்றை விடவே விடாதீர்கள்: ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய போருக்குள் வைத்து, முனை இடைவெளியை ஃபீலரில் அளக்க வேண்டும். 82 மி.மீ. விட்டமுள்ள டர்போ இன்ஜினுக்கு 0.35 முதல் 0.4 மி.மீ. நான் வழக்கமாக வைப்பது. கையேட்டில் வேறு இருந்தால் கையேடு சொல்வதுதான் சரி. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முனையும் முனையும் முட்டும். அப்படி முட்டினாலும் ரிங் லேண்ட் உடையும்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஆசை புரிகிறது. உங்கள் பயன்பாட்டுக்கு அது வேண்டாம் என்பேன். பந்தயத்துக்கான 2618 வகை அலாய் சூட்டில் அதிகம் விரியும், அதனால் குளிரில் இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள். ஊட்டிக் காலையில் மூன்று கி.மீ. ஓடுகிற காரில் அது சூடாகவே சூடாகாது. பிஸ்டன் போரில் தட்டும் சத்தமும் கூடுதல் ஆயில் செலவும்தான் மிஞ்சும். சிலிக்கான் அதிகமுள்ள 4032 வகை அவ்வளவு விரியாது, கட்டாயம் போட வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள். ஆனால் மேப்பைப் பழையபடி கம்பெனி நிலைக்குத் திருப்பிவிட்டால் கம்பெனி பிஸ்டனே போதும். பின்னாளில் ரீமேப் வேண்டுமென்றால், 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டார்க்கை ஏற்றாத மேப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று இருக்கிறதா பாருங்கள், கூடவே கார் கம்பெனி கேட்கும் தரமும் இருக்க வேண்டும். 2018ல் வந்த எஸ்.என். பிளஸ்ஸும் 2020ல் வந்த எஸ்.பி.யும் இந்த முன்கூட்டிப் பற்றுதலைச் சோதித்துப் பார்த்து வகுத்த தரங்கள். ஆயிலில் கால்சியம் அதிகமானால் இந்தத் தொல்லை கூடுகிறது என்று தெரிந்த பிறகு, பல கம்பெனிகள் அதைக் குறைத்து மெக்னீசியம் சேர்த்தன.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் உடனே மலை ஏற்றாதீர்கள். கோவை, அன்னூர், சிறுமுகை என்று சமவெளியிலேயே 100 கி.மீ. ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். பொறுமையாக ஓட்டினால் மலைச்சாலை ரன்னிங் இன்னுக்கு (புது ரிங் போரோடு பழகுகிற ஆரம்ப ஓட்டத்துக்கு) நல்லதுதான். ஏற்றத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் 2,500க்கு மேல் வைத்து, பாதி மிதியோடு ஏறுங்கள். இறங்கும்போது கியரிலேயே விட்டு இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்குங்கள். அந்த இழுப்பில் ஆயில் ரிங் வரை ஏறி, தேய்ந்த தூளைக் கழுவி எடுக்கும். 500ல் ஒரு தடவை, 1,500ல் ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள். 500ல் எடுத்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.

பட்டறையிலிருந்து வரும்போது, கழற்றிய நாலு பிஸ்டன்களையும் ரிங்குகளையும் ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவதைக் கையில் எடுத்து, மேல் ரிங்குக்குக் கீழே உடைந்த இடத்தை மூன்று பக்கத்திலிருந்தும் படம் பிடித்து, அந்த 24 எண்கள் எழுதிய தாளோடு எனக்கு அனுப்புங்கள். உடைந்த முகம் துண்டாகச் சில்லுப் பெயர்ந்ததா, உருகி வழிந்ததா என்று பார்த்தால் நான் சொன்ன காரணம் சரியா, இல்லை மூன்றாவது இன்ஜெக்டர் பெட்ரோல் குறைவாகத் தெளித்ததா என்று தெரிந்துவிடும். உருகியிருந்தால் இன்ஜினை மூடுவதற்கு முன் நாலு இன்ஜெக்டரையும் பெஞ்சில் வைத்துச் சோதிக்க வேண்டியிருக்கும், அதனால் படத்தை வேலை முடிவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.